பினாங்குக்குப் புதிதாக வந்த கர்ப்பிணிகளுக்கு: கஞ்சா விஷயத்தில் ஒரு அக்காவின் பேச்சு

பினாங்குக்கு வந்த புதிதில் வாடகை வீடு எங்கே, இட்லி அரிசி எங்கே, பிள்ளைக்குப் பள்ளி எங்கே என்று எல்லாமே கேட்பார்கள். இதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பால் கொடுக்கும் காலத்திலும் கஞ்சாவைத் தொடாதீர்கள். புகை, பிஸ்கட், ஜெல்லி, எண்ணெய், வேப் எதுவாக இருந்தாலும் சரி.

இதை எழுத வைத்தவள் பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு தங்கை. கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம், கடும் மசக்கை. ரசம் சாதம்கூட வயிற்றில் நிற்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் கதவைத் தட்டி, துப்பட்டா முனையில் சுருட்டி வைத்திருந்த காலி உறை ஒன்றைக் காட்டினாள். வெள்ளி நிறத் தாள், நடுவில் பச்சை இலைப் படம், சுற்றிலும் சயாம் (தாய்லாந்து) எழுத்து. கணவரின் நண்பர்களோடு வார இறுதியில் எல்லைக்கு அப்பால் சயாமில் உள்ள ஹாட்யாய் போனபோது அங்கே இரண்டு ஜெல்லி சாப்பிட்டிருக்கிறாள்.

"வாந்தி நிக்கும்னு சொன்னாங்கக்கா. இலைதானே, மாத்திரையவிடத் தேவலைன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் போறாங்க, வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

இலைதானே என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். ஊமத்தையும் இலைதான்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். அது கொழுப்பில் கரையும். தாயின் ரத்தத்தில் கலந்தது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போய்விடும். கருவில் மூளை உருவாகும்போது நரம்பணுக்கள் எங்கே போக வேண்டும், எதோடு சேர வேண்டும் என்று வழிகாட்டுவதில் உடலே சுரக்கும் சில வேதிப்பொருள்களுக்குப் பங்கு உண்டு. டிஎச்சி போய் ஒட்டுவது அந்தப் பொருள்கள் ஒட்டும் அதே இடங்களில். புகையாக இழுத்தால் இதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுப்புகையும் சேரும். அது பிள்ளைக்குப் போகும் பிராணவாயுவைக் குறைக்கும்.

டொரோண்டோவில் இருக்கும் சொந்தக்காரர், "இங்கே 2018லிருந்து சட்டப்படியே விற்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். உண்மைதான். டொரோண்டோ இருக்கும் அந்த ஒன்ராறியோ மாகாணத்திலேயே ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். சிகரெட், வயது, வருமானம் போன்றவற்றில் ஒத்தவர்களை எடுத்து ஒப்பிட்டபோதும், கஞ்சா எடுத்தவர்களில் 100க்கு 10.2 பேருக்குக் குறைமாதப் பிரசவம், எடுக்காதவர்களில் 7.2 பேருக்கு. பிறக்கும்போது எடை குறைவது, குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டி வருவது என்று மற்ற ஆய்வுகளும் சொல்கின்றன. வளர்ந்தபின் கவனம் சிதறும் பிரச்சினையோடும் தொடர்பு பேசப்படுகிறது. ஒன்றிரண்டு முறை எடுத்தால் இத்தனை கேடு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு எல்லை கிடையாது, அதனால்தான் டாக்டர்கள் அறவே வேண்டாம் என்கிறார்கள்.

வாங்கி வரச் சொல்வது பற்றி. சயாமில் 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்தபோதே கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் விற்கக் கூடாது என்று விதி போட்டார்கள். இப்போது மருத்துவர் சீட்டு இல்லாமல் அங்கேயே விற்கக் கூடாது. எல்லை தாண்டி மலேசியப் பக்கம் புக்கிட் காயு ஹீத்தாம் சோதனைச்சாவடிக்கு வந்துவிட்டால் சட்டம் முற்றிலும் வேறு. மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டப்படி, உட்கொண்டது நிரூபணமானாலே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. வைத்திருந்தால் அதைவிடக் கடுமை. 200 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கடத்தல் என்றே சட்டம் கருதும்; மரண தண்டனை வரை போகும். அப்புறம் கணவரின் வேலை பாஸ் நிலைக்குமா என்பது தனிக் கவலை. நண்பர் பையில் வரும் ஒரு பொட்டலத்துக்காக இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம், அம்மா.

மசக்கைக்கு வேறு வழி இருக்கிறது. காலையில் எழும்பும் முன்பே வறண்ட ரொட்டித் துண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பாடு, இஞ்சி. அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். பி6 வைட்டமினும் டாக்ஸிலமின் என்ற மருந்தும் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுபவை. தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் அடர் மஞ்சளாகி, தலை சுற்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய் டிரிப் போட்டுக்கொள்ளுங்கள். அவசரமென்றால் 999. இன்னொன்று: நீண்ட நாள் கஞ்சா எடுப்பவர்களுக்கு அதுவே ஓயாத வாந்தியைக் கொண்டுவரும். சுடுநீரில் குளித்தால் மட்டும் வாந்தி அடங்குகிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பத்தைப் பதிவுசெய்ய 12 வாரத்துக்குள் போய்விடுவது நல்லது. அரசு கிளினிக்கில் பிங்க் புத்தகம், அதாவது கர்ப்பப் பரிசோதனைக் குறிப்பேடு, போடுவார்கள். பாஸ்போர்ட், கணவரின் பாஸ் நகல், திருமணச் சான்றிதழ் எடுத்துப் போங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கேட்டவுடன் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மிஸ்ஸி (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அதில் பார்ப்பது சர்க்கரையும் புரதமும்.

அந்தத் தங்கையோடு நானும் போனேன். சொல்வதா மறைப்பதா என்று வரிசையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். "நான் ஒன்று சொன்னால் எங்கே எழுதுவீர்கள் என்று முதலில் டாக்டரையே கேள், பதில் தெரிந்தபின் சொல்" என்றேன். கேட்டாள், சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. எத்தனை, எப்போது, சிகரெட் உண்டா என்று கேட்டார். பிள்ளையின் வளர்ச்சி பார்க்க ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார். வழக்கமாக எடுத்து, அதை நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், தனியாகப் போராட வேண்டாம். மனம் உடைந்து பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.

பிறந்த பிறகும் கவனம் தேவை. தாய்ப்பாலில் கொழுப்பு உண்டு, அதனால் டிஎச்சி அதில் தங்கும். 2018இல் அமெரிக்காவில் கஞ்சா எடுத்த 50 தாய்மாரிடம் வாங்கிய 54 பால் மாதிரிகளில் 100க்கு 63இல் டிஎச்சி இருந்தது, சிலரிடம் ஆறு நாள் கழித்தும். ஒருமுறை பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. உடல் கொழுப்பிலிருந்து அது மெல்ல மெல்லத்தான் வரும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், கஞ்சாவை நிறுத்துங்கள். எப்போதோ எடுத்தது உறுத்துகிறதென்றால், எப்போது பால் கொடுக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாரேனும் புகைத்தால் குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, ஊரிலிருந்து பெட்டியில் வரும் லேகியம். பிரசவ லேகியம் கிளறிக் கொடுத்தனுப்பும் அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மருந்தின் மணமே பாதி தெம்பு. ஆனால் கடையில் வாங்கும் சில சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கஞ்சா சேரும். இலங்கையில் விற்கும் மதன மோதகம் அப்படி ஒன்று. டப்பாவின் பின்பக்கம் விஜயா, பாங், கஞ்சா என்று ஏதாவது எழுதியிருந்தால் அதை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.