சுங்கை சிப்புட்டிலிருந்து இத்தாலிக்கு: நான்கு நாள், ஒரே அறை

மலேசியாவின் ஈடிஎஸ் மின்சார ரயிலைப் பிடித்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இத்தாலி ரயில் பெரிய கஷ்டமில்லை. புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு இரவு அறை எடுங்கள். பெட்டியை இழுக்காமல் தினம் ஓர் ஊர் போய் வரலாம். லூக்கா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே 4 கிலோமீட்டர் மதில்மேல் வாடகைச் சைக்கிளில் சுற்றலாம். அரெஸ்ஸோ ஒரு மணி நேரம். சியெனாவுக்கு மட்டும் பஸ்தான் மேல்: ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது.

வட்டார ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம். காகித டிக்கெட்டை ஏறுமுன் பிளாட்பாரத்திலுள்ள சிறு இயந்திரத்தில் செருகி, தேதியும் நேரமும் அச்சாகிறதா என்று பாருங்கள். அச்சில்லாவிட்டால், டிக்கெட் இருந்தும் அபராதம். அதிவேக ரயில் நேர்மாறு. முன்கூட்டி வாங்கினால்தான் மலிவு.

கார் கிராமங்களுக்கு மட்டும். ஜேபிஜேயில் (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுங்கள். ஆட்டோ கியர் வேண்டுமென்று பதியாவிட்டால் பெரும்பாலும் மேனுவல்தான் வரும். பழைய நகர் வாசலில் சிவப்பு வட்டத்தோடு 'இசட்.டி.எல்.' (அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதி) பலகை இருந்தால் கவனம். 'வார்கோ அத்தீவோ' (நுழைவுக் கட்டுப்பாடு இயங்குகிறது) என்று ஒளிர்ந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருளல்ல, கேமரா விழித்திருக்கிறது. அபராதச் சம்மன் பல மாதம் கழித்து வீட்டுக்கே வரும், வாடகை நிறுவனம் பிடிக்கும் கட்டணம் தனி. ஹோட்டல் உள்ளே இருந்தால் கார் எண்ணை முன்பே கொடுத்து அனுமதி கேளுங்கள்.