கிராஜுவேஷன் அன்றைக்குப் பேக்பைப்பும் கில்ட்டும்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

ஜூன் மாதம், ஒன்ராறியோவில் என் மகனுடைய பள்ளிக் கிராஜுவேஷன். பட்டம் வாங்கப் போகிற பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் பேக்பைப் (பையில் காற்றை நிரப்பி அமுக்கி வாசிக்கிற ஸ்காட்லாந்து வாத்தியம்) வாசிக்கிற நாலு பைப்பர்கள், அதில் ஒருவன் எங்கள் வீட்டுப் பையன். நாலு பேரும் ஒரே நொடியில் பையைத் தட்டி ஆரம்பிக்க வேண்டும். அரை நொடி முன்னால் இவனுடைய குழல் மட்டும் 'கீ...' என்று அலறிவிட்டது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது, நான் குனிந்து கேமராவுக்குள் எதையோ தேட ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு வந்து அவனைத் திட்டினேன். அப்புறம் அவனுடைய வாத்தியாரிடம் பேசியபோதுதான் தெரிந்தது, பாதித் தவறு பையனுடையது இல்லை, எங்களுடையதும் பள்ளிக்கூடத்தினுடையதும். பேக்பைப்பையும், கில்ட் என்கிற ஸ்காட்லாந்துக் கொசுவப் பாவாடையையும் விழா அன்று காலையில் எடுத்து மாட்டிக்கொள்கிற அலங்காரம் என்று நினைத்துவிடுகிறோம். நான் பார்த்தவரை அன்று வெளியே தெரிகிற சொதப்பலில் முக்கால்வாசி இரண்டு மூன்று மாதம் முன்னாடியே நடந்து முடிந்தது.

விழாவில் பைப் வாசிக்கிற இந்த வழக்கம் ஸ்காட்லாந்தோடு நிற்கவில்லை. கனடாவில் ஒன்ராறியோ, நோவா ஸ்கோஷியா, அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டனீடன் மாதிரி ஊர்களில் பள்ளியிலேயே பைப் பேண்ட் உண்டு, வேறு பள்ளிகளில் ஒரே ஒரு பையனோ பெண்ணோ வெளியே கற்றுக்கொண்டு வந்து வாசிப்பார்கள். இப்படித் தனியாக வாசிக்கிற பிள்ளைதான் அதிகம் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் சொல்லித்தர அங்கே பெரியவர் யாரும் இருக்க மாட்டார்.

ஏப்ரலில் வாங்கி ஜூனில் வாசித்துவிடலாம் என்கிற கனவை முதலில் விட்டுவிடுங்கள். பையே இல்லாத பயிற்சிச் சாண்டர் என்கிற குழலில் மாதக்கணக்காக விரல் பழகிய பிறகுதான் பெரிய பைப்பையே கையில் தருவார்கள். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊத ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார் இல்லையா, இங்கே அந்த ஒத்தும் வாசிப்பவன் தோளில்தான். பாட்டு வாசிக்கிற சாண்டர் ஒன்று, விடாமல் சுருதி பிடிக்கிற ட்ரோன் மூன்று (பறக்கிற ட்ரோன் இல்லை), நாலு குழலுக்கும் காற்று ஒரே பையிலிருந்து. வாயால் ஊதுவதும் கையால் அமுக்குவதும் மாறி மாறிச் சீராக வரவில்லை என்றால் நாலும் சேர்ந்து ஆடும். நடந்துகொண்டே இதைச் செய்வது தனி வித்தை, உட்கார்ந்து மட்டும் பழகிய பிள்ளையை ஊர்வலத்துக்கு முன்னால் நிறுத்துவது அநியாயம்.

அடுத்தது பாட்டு. வட அமெரிக்கக் கிராஜுவேஷன் என்றாலே ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கர் 1901-இல் எழுதிய 'பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்' அணிவகுப்புத்தான், 1905-இல் யேல் பல்கலைக்கழகத்தில் வாசித்ததிலிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம். தலைமையாசிரியர் ஆசையாகக் கேட்பார்: "அதையே பைப்பில் வாசிச்சிடேன்பா". முடியாது. பைப்பில் இருப்பதே ஒன்பது சுரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ, நடுவில் நிறுத்தவோ வழி இல்லை. சரி, பள்ளி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கலாமே என்றால் அதிலும் சிக்கல். பைப்காரர்கள் ஏ என்று எழுதுகிற சுரம் இன்றைக்கு 480 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறது, ஆர்கெஸ்ட்ராவின் ஏ 440. பியானோக்காரர் அதே தாளைப் பார்த்து வாசித்தால் ஏறக்குறைய ஒரு சுரம் தள்ளி விழும், காது கூசும். ஊர்வலம் முழுக்கப் பைப்புக்கு, மேடை நிகழ்ச்சி ஆர்கெஸ்ட்ராவுக்கு என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லது.

பெயரைப் பார்த்துப் பாட்டை எடுக்காதீர்கள். 'ஃப்ளவர்ஸ் ஆஃப் தி ஃபாரஸ்ட்' என்று ஒரு மெட்டு, காட்டுப் பூக்கள், கேட்கவும் அழகாக இருக்கும், அழைப்பிதழில் போட்டாலும் அழகாக இருக்கும். ஆனால் அது 1513-இல் ஃப்ளாடன் போரில் செத்தவர்களுக்கான ஒப்பாரி. பைப்பர்கள் அதைச் சாவுக்கும் நினைவஞ்சலிக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் முகாரியை இழுத்தால் பெரியவர்கள் எப்படி முகம் சுளிப்பார்களோ அதே கதைதான். 'ஹைலாண்ட் கதீட்ரல்' தாராளமாக வாசிக்கலாம், ஆனால் மேடையில் "பல நூற்றாண்டு பழைய ஸ்காட்லாந்து இசை" என்று அறிவித்துவிட வேண்டாம், அது 1982-இல் இரண்டு ஜெர்மானியர்கள் போட்ட மெட்டு. அறிவிப்பாளர் விடுகிற இன்னொரு கதை, 1746-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் பேக்பைப்பைத் தடை செய்தது என்பது. அந்தச் சட்டம் ஹைலாண்ட் (ஸ்காட்லாந்து மலைநாட்டு) உடையைத்தான் தடுத்தது, 1782 வரை அமலில் இருந்தது, வாத்தியத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

இப்போது அந்தக் 'கீ'க்கு வருகிறேன். பிள்ளைகளை ஏசி போட்ட ஜிம்முக்குள் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்திருந்தார்கள், சுருதி சேர்த்ததும் அங்கேயேதான், வாசித்தது வெளியே கொளுத்துகிற வெயிலில். சூட்டில் சுருதி ஏறும், சாண்டரும் ட்ரோனும் ஒரே அளவில் ஏறித் தொலைக்காது. சாண்டருக்குள் இருப்பதும் நாணல் சீவாளிதான், ஈரமும் சூடும் மாறினால் அது முரண்டு பிடிக்கும். ஊர்வலம் கிளம்புகிற இடத்துக்கே பத்து இருபது நிமிடம் முன்னதாக வந்து, அங்கேயே ஊதிப் பார்த்துச் சுருதி சேர்க்க வேண்டும். இருநூறு பிள்ளைகள் நடந்து வந்து உட்காருவதற்குள் தனி ஆள் வாசித்தால் உதடு செத்துவிடும், இரண்டு பேராவது மாற்றி மாற்றி வாசிக்கட்டும். மூடின அரங்கம் என்றால் பைப்பர் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பிள்ளைக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், பாட்டியை முதல் வரிசையிலிருந்து கிளப்புங்கள்.

கில்ட் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு, கொசுவம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். முழு அளவுக் கில்ட்டுக்குச் சுமார் எட்டு கஜம் கம்பளித் துணி, அதில் பெரும்பகுதி பின்னால் கொசுவமாக மடிந்திருக்கும், முன்பக்கம் தட்டை. முதல் தடவை கட்டுகிற பையன் கொசுவத்தை முன்னால் கொண்டுவந்துவிடுவான், சேலையைப் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் போகும். மேல் மடிப்பு இடமிருந்து வந்து வலது இடுப்பில் பூட்ட வேண்டும். ஜீன்ஸ் மாதிரி இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டினால் ஓரம் முழங்காலைத் தாண்டித் தொங்கி அரைப்பாவாடை ஆகிவிடும். தொப்புள் உயரத்தில் கட்டினால் ஓரம் முழங்கால் சில்லின் நடுவில் வந்து நிற்கும். வளர்கிற வயது என்பதால் ஜனவரியில் எடுத்த அளவை நம்பி ஜூனுக்கு வாடகைக்கு எடுக்காதீர்கள்.

கில்ட் பின் என்கிற பெரிய ஊக்கை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும். நாங்கள் காற்றுக்குப் பறக்காமல் இருக்கட்டும் என்று புத்திசாலித்தனமாக இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தினோம். அவன் முதல் படி ஏறும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம். வாடகைக் கடைக்காரர் அந்தக் கிழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

உள்ளே ஒன்றும் போடக் கூடாது என்கிற ஜோக்கைப் பிள்ளைகள் நிஜமாக எடுத்துக்கொள்வார்கள். மேடையில் முதல் வரிசைக்கு மேலே உட்காரப் போகிற பிள்ளை அது, கருப்பு அரைக்கால் சட்டை ஒன்றைப் போட்டு அனுப்புங்கள், பெண்ணானாலும் பையனானாலும். உட்காரவும் பழக்க வேண்டும்: இரண்டு கையாலும் பின் கொசுவத்தைத் தடவி இறக்கிக்கொண்டே உட்கார்ந்து, ஸ்போரன் என்கிற தோல் பையைக் கால்களுக்கு நடுவில் விட வேண்டும்.

பட்டமளிப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே பைப் வாசிக்க நினைப்பது பெரிய தொல்லை. பை இடது கக்கத்தில், ட்ரோன்கள் இடது தோளில், அந்தத் தொளதொளக் கை எல்லாவற்றுக்கும் நடுவில் வந்து சிக்கும், சதுரத் தொப்பியை ட்ரோன் தட்டிவிடும். கில்ட்டோடு வாசித்து முடித்த பிறகு அங்கி மாட்டட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் ஓரத்தில் நிற்கட்டும். அகர வரிசையில் பெயர் முன்னால் வருகிற பிள்ளை என்றால் பைப்பைக் கீழே வைப்பதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காலுறையில் செருகுகிற ஸ்கீயன் டூ என்ற சின்னக் கத்தியை வீட்டில் வைத்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் தேசிய உடையின் பகுதி என்று சட்டமே விலக்குத் தருகிறது. கனடா, அமெரிக்கப் பள்ளிகளில் அந்த நியாயம் எடுபடாது, கத்தி என்றால் கத்திதான். வேண்டுமானால் பிளாஸ்டிக் பிடி மட்டும், அதுவும் கேட்டுக்கொண்டு. கில்ட்டுக்கே அனுமதியை மார்ச்சில் எழுத்தில் வாங்குங்கள். 2005-இல் மிசூரியில் பள்ளி நடனத்துக்குக் கில்ட் கட்டி வந்த மாணவனைப் பேன்ட் மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அது தேசியச் செய்தியே ஆனது.

தாத்தா காலத்துப் பைப்பைக் கடன் வாங்கி எல்லை தாண்டி எடுத்துப் போகிறவர்கள் அதில் தந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 2014-இல் கனடாவில் போட்டி முடிந்து திரும்பிய இரண்டு 17 வயதுப் பையன்களின் பைப்புகளை அமெரிக்க எல்லையில் தந்தத்துக்காகப் பறித்து வைத்துக்கொண்டார்கள், திரும்பக் கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது அவர்களுக்கு.

கடைசியாக, விழா முடிந்ததும் போட்டோ, கட்டிப்பிடிப்பு, சாப்பாடு என்று எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், ஈரமான பைப் அப்படியே பெட்டிக்குள் மூடிக் கார் டிக்கியில் கிடக்கும். வெயிலில் மரம் வெடிக்கலாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையை வருடக்கணக்காகச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இறந்த ஒரு பைப்பரைப் பற்றி 2016-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். எங்கள் பையன் அன்று சாப்பிட உட்கார்ந்த மேஜையில், தட்டுக்குப் பக்கத்திலேயே குழல்களைக் கழற்றி வரிசையாகத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான், பரிமாற வந்த பெண் எங்கே தட்டை வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.