ரிச்சி தெருவுக்குப் போகும் முன் கேபினெட்டைத் திறங்கள்

தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு கம்ப்யூட்டர், ஏதோ ஆபீசில் ஓடி ஓய்ந்து செகண்ட் ஹேண்டில் வந்தது. ஒல்லி கேபினெட், இன்டெல்லின் மூன்றாம் தலைமுறை ஐ3 புராசசர், 8 ஜிபி ரேம். யூடியூப் வீடியோ விக்கி விக்கி ஓடும். அக்கா பையனுக்கு அதில் வேலரண்ட் கேம் வேறு ஆட வேண்டும். "இன்னா மாமா, ஒரு ஃபோர் ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு போட்டா சரியாப் பூடும்ல?" என்றான். திரையில் படம் காட்டும் வேலைக்கென்றே மாட்டும் தனிப் பலகை அது. பூடாது. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும் முன்னும் பின்னும் அவனுக்காக நான் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: வீடியோ ஏன் விக்குகிறது?

ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதை எடுங்கள். கோடெக் வரியில் ஏவிசி1 (ஹெச்.264), விபி09 (விபி9), ஏவி01 (ஏவி1) என ஏதாவது ஒன்று இருக்கும். வீடியோவை எந்த முறையில் சுருக்கிக் கட்டி அனுப்புகிறார்கள் என்பதுதான் அது. அந்தக் கட்டைப் பிரிக்கும் சுற்று உங்கள் சிப்பிலேயே இருந்தால் புராசசருக்கு வேலை குறைவு. இல்லையென்றால் மொத்தச் சுமையும் புராசசர் தலையில்தான்.

இன்டெல்லில் விபி9, 10 பிட் ஹெச்.265 இரண்டையும் முழுதாகப் பிரிக்கும் வசதி 7-ஆம் தலைமுறையில் வந்தது. ஏவி1 வந்தது 11-இல். மூன்றாம் தலைமுறைக்குத் தெரிந்தது பழைய ஹெச்.264, அதாவது ஏவிசி1 மட்டும்.

வீடியோ மட்டும்தான் உங்கள் தேவை என்றால் காசு செலவழிக்காமல் ஒரு வழி இருக்கிறது. பிரவுசரில் 'என்ஹான்ஸ்டு ஹெச்264ஐஃபை' என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் பழைய முறையிலேயே அனுப்பும். 1080-க்கு மேல் கிடைக்காது, அவ்வளவுதான். அதைப் போட்டதும் அக்காவுக்கு சீரியல் தடங்கலில்லாமல் ஓடியது. அக்காவைப் பொறுத்தவரை பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. பையன்தான் விடவில்லை.

படி 2: பெட்டிக்குள் என்ன இடம் இருக்கிறது?

கரண்டை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றுங்கள். மூன்று விஷயங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: பவர் சப்ளையின் ஸ்டிக்கர், கார்டு மாட்டும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) ஸ்லாட், அதற்கு நேராகப் பின்பக்கம் இருக்கும் தகட்டின் உயரம்.

இந்தப் பெட்டியில் 240 வாட் சப்ளை. கார்டுக்கென்று தனி பவர் ஒயர் இல்லை. ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டுதான் வேண்டும், அதுவும் அரை உயர 'லோ ப்ரொஃபைல்' கார்டு. ஆசைப்பட்ட கார்டுகளில் பாதி இங்கேயே கழிந்துவிடும். அதனால்தான் கடைக்குப் போகும் முன் திறக்கச் சொல்கிறேன்.

படி 3: ஜிபியைப் பார்க்காதீர்கள்

பெட்டி மேல் பெரிதாக 4 ஜிபி என்று அச்சடித்தால் கார்டு வேகமாகிவிடாது. என்விடியாவின் ஜிடி 730-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் அந்த ஒரே பெயரில் உள்ளே வெவ்வேறாக மூன்று வகை விற்றார்கள். அந்தக் கார்டுக்கு 2021-க்குப் பிறகு புது கேம் டிரைவரும், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளும் கிடையாது.

ஜிடி 1030-இலும் இதே கூத்துதான், இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி தகவல் போகும். 2018-இல் வந்த டிடிஆர்4 வகையில் 16.8 மட்டுமே. பெயர் அதே 1030. எழுத்துகளைச் சரியாகப் படிக்காமல் இரண்டாவதை வாங்கி வந்தேன். வீடியோ நன்றாக ஓடியது, கேம்தான் நொண்டியது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையது, என்ன சொல்வது?

இன்று நான் தேடுவது இப்படி:

சரியான வகை ஜிடி 1030 வெறும் 30 வாட். பழைய பெட்டிக்கும் லேசான கேமுக்கும் சரிவரும். ஏவி1 மட்டும் பிரிக்காது.

ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 6400 கேமில் இதைவிட நல்ல பலம், 53 வாட்தான். ஆனால் தகவல் போகும் பாதை, அதாவது லேன், நான்கு மட்டுமே உள்ள கார்டு என்பதால் பிசிஐஇ 3.0 போர்டில் கொஞ்சம் மட்டுப்படும். ஏவி1 இதிலும் இல்லை.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 இரண்டும் ஏவி1-ஐப் பிரிக்கவும் செய்யும், கட்டவும் செய்யும். வீடியோ எடிட் செய்பவருக்கு யோகம். ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் புராசசர் ஒரேயடியாக எட்ட உதவும் 'ரீசைசபிள் பார்' வசதி போர்டில் இல்லையென்றால் கேமில் சொதப்பும். பழைய ஆபீஸ் பெட்டிகளில் அது இருக்காது.

கையில் காசு இருந்தால் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 70 வாட், தனி ஒயர் வேண்டாம், ஏவி1 உண்டு. அரை உயர மாடலும் இருக்கிறது, ஆனால் தடிமனைப் பாருங்கள், பலவும் இரண்டு ஸ்லாட் இடம் கேட்கும்.

வேலரண்டுக்கு இவ்வளவெல்லாம் தேவையே இல்லை. 2020-இல் அது வந்தபோது நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு ஜிடி 730 போதும் என்றுதான் அதைத் தயாரித்த நிறுவனமே சொன்னது. பையனுக்கு ஜிடிடிஆர்5 உள்ள 1030 என்று முடிவு செய்தேன்.

படி 4: கடை

தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். ஞாயிறு வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும். மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், சீரியல் நம்பர் அதில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய கார்டு என்றால் கடையிலேயே மாட்டி, கார்டின் விவரம் காட்டும் 'ஜிபியு-இசட்' மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சிப்பில் பயாஸை, அதாவது கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உண்டு. அவற்றில் பலவற்றை அந்த மென்பொருளே 'ஃபேக்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: மாட்டுவது

கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு கார்டை எடுங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு என்றால் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் உப்புக் காற்று, எதுவும் சீக்கிரம் களிம்பேறும். ஸ்லாட்டில் க்ளிக் என்று உட்காரும்வரை அழுத்தி, திருகை முடுக்குங்கள். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலிருந்து பிடுங்கிக் கார்டில் குத்துங்கள். பழைய விஜிஏ மானிட்டர் என்றால் ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டரையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். நான் அதற்காக இன்னொரு முறை மெட்ரோ ஏறினேன்.

டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அப்புறம் அந்த எக்ஸ்டென்ஷனை அணைத்துவிட்டு, கோடெக் வரியில் விபி09 காட்டும் வீடியோவை ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கார்டின் சிப்) பக்கத்தைப் பாருங்கள். 'வீடியோ டிகோட்' கோடு மேலே எழும்பி, புராசசர் கோடு இறங்கியிருந்தால் கார்டு வேலை செய்கிறது. மூடியைப் போட்டுவிடலாம்.