‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறது ஆப், பார்சலைக் காணோம்: என்ன செய்யலாம்?

மிக்ஸிக்கு முன்கூட்டியே பணம் கட்டியாயிற்று. ஆப்பைத் திறந்தால் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டுகிறது. வாசலில் ஒன்றும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை.

பதறுவதற்கு முன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வராத பொருள் வரவில்லை என்று காட்ட உங்களிடம் எந்த அத்தாட்சியும் இருக்காது. கொடுத்துவிட்டோம் என்று சொல்பவர்கள்தான் யாரிடம் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகிறோம், ஆள் மட்டும் மாறுவார்.

படி 1: அன்றைக்கே விசாரியுங்கள்

நம் ஊர் முகவரிகள் அப்படி. கொட்டாய் என்று முடியும் பெயர்கள் அடுத்தடுத்து இருக்கும், கதவு எண் இருக்காது, ‘மாரியம்மன் கோயில் எதிரில்’ என்பதுதான் அடையாளம். டெலிவரி பையன் “அண்ணா, வண்டி உள்ளே வராது, கடையில கொடுத்துட்டுப் போறேன்” என்று மளிகைக் கடையில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் செக்யூரிட்டியிடமும் வீட்டு ஓனரிடமும் கேட்டுவிடுங்கள். பாதி பார்சல்கள் இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு.

கிடைக்கவில்லையா? உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: ஆர்டர் எண், பில், பணம் போன விவரம், டெலிவரி ஆனதாகக் காட்டும் தேதியும் நேரமும். அந்த நேரத்தில் உங்களுக்கு அழைப்பு வந்ததா இல்லையா என்பதற்கு போனின் கால் பட்டியலையும் எடுத்து வையுங்கள்.

ஓடிபி கேட்கும் டெலிவரி என்றால் எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். ஓடிபியே வரவில்லை என்றால் அது எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்கலாம். பெட்டி கைக்கு வரும் முன்பே போனில் ஓடிபியைச் சொல்லிவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும். “ஆர்டரை கேன்சல் செய்ய ஓடிபி சொல்லுங்க” என்று யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

படி 2: பேசாதீர்கள், எழுதுங்கள்

கஸ்டமர் கேரில் எவ்வளவு நேரம் பேசினாலும் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆப்பில் உள்ள சாட்டில் புகார் போடுங்கள். புகார் எண் வாங்குங்கள், உரையாடலைச் சேமித்து வையுங்கள். ‘இரண்டு நாள் பொறுங்கள்’ என்றால் சரி, அதையும் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

இங்கேதான் டெலிவரி அத்தாட்சியைக் கேட்க வேண்டும்: கையெழுத்தா, போட்டோவா, ஓடிபியா? போட்டோ அனுப்பினால் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் கருப்பு இரும்பு கேட், உங்கள் வீட்டிலோ நீல மரக்கதவு என்றால், அதே கோணத்தில் நின்று உங்கள் வாசலைப் படமெடுத்துப் பதிலாக அனுப்புங்கள். நூறு வார்த்தை வாதாடுவதைவிட அந்த ஒரு படம் மேல்.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். ரீஃபண்ட் தருகிறோம் என்று சொல்லி யுபிஐ பின் கேட்பவர்களும், ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்பவர்களும் அங்கேதான் வலை விரித்திருப்பார்கள். பணம் பெறுவதற்கு பின் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

படி 3: குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல்

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில், கண்ணில் படாத இடத்தில் இருக்கும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

“மேற்கண்ட எண்ணுள்ள ஆர்டருக்கு ரூ. 3,200 செலுத்தியுள்ளேன். இந்தத் தேதியில், இந்த நேரத்தில் டெலிவரி ஆனதாக உங்கள் தளம் காட்டுகிறது. எனக்கோ என் வீட்டில் உள்ள யாருக்கோ பொருள் வந்து சேரவில்லை. யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்கான ஆதாரத்தைத் தரவும். இல்லையேல் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். விதிகளின்படி ஒரு மாதத்துக்குள் தீர்வு எதிர்பார்க்கிறேன்.”

அவ்வளவு போதும். கோபத்தைக் கொட்ட வேண்டாம். படிக்கிறவருக்குத் தேவை ஆர்டர் எண்ணும் தேதியும்தான்.

கார்டில் கட்டியிருந்தால், இதோடு வங்கியிலும் ‘பொருள் வரவில்லை’ என்று டிஸ்ப்யூட் பதியுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது, ஆனாலும் அரசு வழியாகப் புகார் வந்தால் நிறுவனத்தில் வேறு மேசைக்குப் போகும்.

படி 5: நுகர்வோர் ஆணையம்

கம்பெனி பெங்களூரில், விற்பவர் டெல்லியில், நாம் அரூரில். எங்கே போய் வழக்குப் போடுவது? பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், விடத் தேவையே இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34ஆவது பிரிவு, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போட வழி செய்திருக்கிறது. அதாவது அரூர்க்காரர் தர்மபுரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். ‘வழக்குகள் பெங்களூர் நீதிமன்றங்களுக்கே உட்பட்டவை’ என்று நிறுவனத்தின் நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம். கடைக்கு மறுவிற்பனைக்காக வாங்கிய சரக்கு என்றால் மட்டும் இந்தச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்.

மனுவில் தளத்தையும் விற்பனையாளரையும், இருவரையுமே எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர் ‘பொறுப்பு அவருடையது’ என்று கைகாட்டிவிடுவார். பொருளின் விலையோடு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கேட்கலாம். கேட்கிற தொகை நியாயமாக இருக்கட்டும். மூவாயிரம் ரூபாய் மிக்ஸிக்குப் பத்து லட்சம் கேட்டால் மனுவின் கனம்தான் குறையும்.

நோட்டீஸ் போன பிறகு, “பணத்தைத் தந்துவிடுகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள்” என்று அழைப்பு வரலாம். தாராளமாகச் சம்மதியுங்கள். ஆனால் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.