ஆளைப் பார்த்து வரைய முதல் தடவை வருகிறவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டராக, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வடிவங்களை வரைபவளாக, இருக்கிறேன். நாலு வருஷமாக ஞாயிறு காலையில், பல்லடம் ரோட்டில் சிநேகிதி வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். எதிரில் ஒருவர் நிற்பார், அல்லது உட்கார்ந்திருப்பார். பார்த்து வரைவோம். ஓவியக் கல்லூரிகளில் உடையில்லாமல் நிற்பவரையும் வைத்துப் பயிற்சி உண்டு. இங்கே வேட்டியோ சேலையோ அன்றாடம் உடுத்துவதுதான். அதிலேயே கற்க நிறைய இருக்கிறது.

கொண்டு வர வேண்டியது கொஞ்சம்தான். ஒரு அட்டை, இரண்டு கிளிப், 6பி பென்சில் (மெதுவான, கறுப்பாக எழுதும் வகை) அல்லது கரிக்குச்சி, மலிவான தாள் ஒரு கட்டு. நான் கட்டிங் டேபிளில் மிஞ்சும் பிரவுன் பேப்பரில் வரைகிறேன். விலை கூடின நோட்டு வேண்டாம், தாள் வீணாகுமே என்று நினைத்தால் கை ஓடாது.

முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு நிலையும் ஒரு நிமிஷம்தான். அப்போது முகத்தைத் தொடாதீர்கள், விரல்களையும் விட்டுவிடுங்கள். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று மட்டும் தேடுங்கள். நூலில் ஒரு பட்டனைக் கட்டி, கொத்தனார் தூக்குக் குண்டு பிடிப்பதுபோலக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். ஒரு காலை ஊன்றி நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து இறங்கும் நூல், ஊன்றிய பாதத்தின் பக்கமாகத்தான் போகும். அந்தப் பக்கத்து இடுப்பு மேலேறியிருக்கும், தோள் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். இந்த இரண்டு சரிவையும் இரண்டு கோடாகப் போட்டாலே ஆள் நின்றுவிடுவார். நேரம் கிடைத்தால் கோவை பக்கத்துப் பேரூர் சிவன் கோயிலுக்குப் போய், கனகசபை மண்டபத்தில் ஒரு காலை மேலே தூக்கி ஆடும் சிவன் சிலையான ஊர்த்துவ தாண்டவரின் ஊன்றிய காலை மட்டும் பத்து நிமிஷம் பாருங்கள். நான் அங்கேதான் இதை முதலில் புரிந்துகொண்டேன்.

அப்புறம் துணி. மடிப்பையெல்லாம் எண்ணி எண்ணி வரைவதுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. மடிப்பில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள்: இழுபடும் மடிப்பு, தொங்கும் மடிப்பு. சட்டை அக்குளில் பிடித்தால் மடிப்பு அந்த இடத்தையே காட்டும், பேட்டர்ன் திருத்தும்போது நான் பார்ப்பது அதைத்தான். வேட்டி கட்டியவர் ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தால், மடிப்புகள் முழங்காலிலிருந்து இடுப்புக்கு விசிறிபோல ஓடும். அந்த மூன்று நாலு கோடுகள் போதும், உள்ளே கால் இருப்பது தெரிந்துவிடும். தொங்குவதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

நீண்ட நிலை 20 நிமிஷம், பிறகு 5 நிமிஷம் ஓய்வு. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, எதிரில் இருப்பவரின் தலையைப் பென்சிலால் அளந்து, அதையே மற்றதற்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் பெரியவர் சுமார் ஏழு, ஏழரைத் தலை உயரம் இருப்பார். கண்கள் தலையின் நடுவில் இருக்கும், நெற்றிக்குப் பக்கத்தில் அல்ல. நேரே நம்மைப் பார்த்து உட்கார்ந்தவரின் தொடை நம்ப முடியாத அளவு குட்டையாகத் தெரியும். அளவு சொல்வதையே வரையுங்கள். டியூப்லைட்டை அணைத்துக் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுவோம், ஒரு பக்க வெளிச்சத்தில்தான் உருவம் திரளும்.

இனி, நிற்பவரைப் பற்றி. எங்களுக்கு அடிக்கடி வருபவர் தறி ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். ஒருமுறை கையை உயர்த்திப் பத்து நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டேன். விரல்கள் நடுங்கியும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் "போதுங்களா அம்மிணி?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதிலிருந்து கை உயர்த்தும் நிலை ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு அதே இடத்தில் நிற்க, தையல் சாக்பீஸால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவோம். சம்பளத்தை வந்தவுடனே கையில் கொடுத்துவிடுவோம். போனில் படம் எடுக்கக்கூடாது. முகம் தெரியும் படத்தை வெளியே காட்டுவதானால் அவரைக் கேட்டுவிட்டுத்தான்.

ஒவ்வொரு தாளிலும் தேதி எழுதி, எல்லாவற்றையும் வைத்திருங்கள். முதல் ஐந்தாறு வாரம் எதையும் கிழிக்க வேண்டாம்.

9 மணிக்கு ஆரம்பிப்போம். தாமதமாக வந்தால் படிக்கட்டிலேயே நில்லுங்கள். அந்த நிலை முடிந்ததும் சத்தமில்லாமல் உள்ளே வரலாம்.