சமாளிக்க 'மேனேஜ்' மட்டும்தானா?

எதற்கெடுத்தாலும் 'மேனேஜ் பண்ணிக்கிறேன்' என்பது நம் பழக்கம். ஆங்கிலத்தில் எழுதும்போது கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். துக்கம், வேலைப்பளு போன்றவற்றைத் தாங்கிக்கொண்டு நாளை ஓட்டுவது 'கோப் வித்'. இங்கேதான் பலர் வழுக்குகிறோம். நடுவில் ஒரு 'அப்' சேர்த்து 'கோப் அப் வித்' என்று எழுதிவிடுகிறோம். அந்த 'அப்' தேவையே இல்லை. 'கீப் அப் வித்' என்று ஒன்று உண்டு, ஈடுகொடுத்துக் கூடவே ஓடுவது என்று பொருள். அதன் வாசனை இதில் ஒட்டிக்கொண்டது போலும். நானே ஒரு வேலை விண்ணப்பத்தில் அப்படி எழுதியவன்தான்.

பிரச்சினையைக் கவனித்து நடவடிக்கை எடுத்தால் 'டீல் வித்'. துணிந்து இறங்கி மோதினால் 'டாக்கிள்'. அப்புறம், மாசக் கடைசியில் கையிலிருக்கும் சொற்பப் பணத்தில் ஒப்பேற்றுகிறோமே, அது 'கெட் பை'.