காய்ச்சலிலும் மாத்திரை எடுக்கும்போதும் தாய்ப்பால் ஊட்டுவது எப்படி: புதிய தாய்மாருக்குப் படிப்படியான விளக்கம்

என் மூத்த மகள் பிறந்து 47 நாள் ஆகியிருந்தபோது, வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்கு மழைத்தண்ணீர் நின்ற ஒரு நவம்பர் வாரத்தில், எனக்கு 102 டிகிரி காய்ச்சல் வந்தது. மாத்திரை வாங்கப் போன என் கணவரிடம், ஐந்து நாளைக்குத் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று கடையில் சொல்லியனுப்பினார்கள். வீட்டுப் பெரியவர்களும், "காய்ச்சலோட பால் குடுத்தா புள்ளைக்கும் ஒட்டிக்கும்மா" என்றார்கள். நான் நிறுத்தினேன். மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. புட்டிப்பாலுக்குப் பழகிவிட்ட குழந்தை மறுபடியும் மார்பில் வாய் வைக்க இரண்டு வாரம் பிடித்தது. பிறகு தடுப்பூசி போடப் போன இடத்தில் அந்த மாத்திரை அட்டையைப் பார்த்த மருத்துவர், அது வெறும் பாரசிட்டமால் என்றும், ஒரு வேளைகூட நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அந்த இரண்டு வாரம் இன்னொரு வீட்டில் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் எதை, எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன். எந்த மாத்திரையை எடுக்கலாம் என்ற கடைசி முடிவு உங்களையும் குழந்தையையும் நேரில் பார்க்கிறவருடையது.

முதற்படி: காய்ச்சல் வந்தவுடன் பாலை நிறுத்தாதீர்கள்

சளி, இருமல், வைரஸ் காய்ச்சல் போன்றவை உடம்பில் அறிகுறி காட்டுவதற்கு முன்பே, உங்கள் மூச்சின் வழியாகவும் கையின் வழியாகவும் குழந்தையை நெருங்கிவிட்டிருக்கும். அதே நோயை எதிர்த்து உங்கள் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் தாய்ப்பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போய்ச் சேருகின்றன. ஆகவே நோய் வந்த நாளில் பாலை நிறுத்துவது, குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் வேளையில் அதைப் பறித்துக்கொள்வதாகும். காய்ச்சலால் பால் சூடேறிக் கெடுவதும் இல்லை, திரிவதும் இல்லை.

நோயைப் பரப்புவது பாலன்று, மூச்சும் கையும்தான். எனவே குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இருமல் இருந்தால் முகக்கவசம் அணியுங்கள். முத்தம் கொடுப்பதைச் சில நாள் தள்ளிவையுங்கள். உட்கார முடியாத அசதி என்றால் ஒருக்களித்துப் படுத்தபடி ஊட்டலாம். ஆனால் மருந்து மயக்கத்தில் நீங்கள் தூங்கிவிடக்கூடும் என்பதால், விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் இருந்து, குடித்து முடித்ததும் குழந்தையை எடுத்துத் தனியே படுக்கவைக்க வேண்டும். பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரை பால் குடிக்கும். அதற்கு ஈடுகொடுக்க உங்கள் உடம்பில் நீர் இருக்க வேண்டும் என்பதால் கஞ்சி, மோர், இளநீர் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். வாந்தியோ பேதியோ இருந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டு பால் ஊட்டுவதைத் தொடருங்கள்.

காய்ச்சலோடு மார்பின் ஒரு பகுதி சிவந்து, தொட்டால் வலித்தால் அது பால் கட்டியதால் வந்த அழற்சியாக இருக்கக்கூடும். இதில் ஊட்டுவதை நிறுத்தினால் நிலைமை மோசமாகிச் சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடலாம். அந்த மார்பிலும் வழக்கம்போல் ஊட்டுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள், அழுத்திப் பிசையாதீர்கள், ஒரு நாளில் குறையவில்லையானால் மருத்துவரைப் பாருங்கள். இந்த வலிக்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பாலை வற்றவைப்பதற்கென்றே பாட்டிமார் செய்துவந்த வைத்தியம் அது. 1988இல் வெளியான ஓர் ஆய்வும் மல்லிகைப்பூவால் பால் சுரப்பு குறைவதைக் காட்டியிருக்கிறது. பால் வேண்டும் என்கிற தாய் அதைச் செய்யக் கூடாது.

தைலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கற்பூரம் சேர்ந்த தைலமோ களிம்போ கைக்குழந்தைக்கு நஞ்சாகக்கூடியது. மூக்கடைப்புக்காக அதை உங்கள் நெஞ்சில் தடவிக்கொண்டு குழந்தையை அணைக்காதீர்கள். உப்புநீர் மூக்குச் சொட்டும் ஆவி பிடிப்பதும் போதும்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் போகும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள்

ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ வரிசையில் நின்று உள்ளே போகும்போது, பேச உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். காய்ச்சல் வேகத்தில் பாதி மறந்துபோகும். ஆகவே குழந்தையின் வயதை நாள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்ததா, இப்போது எடை என்ன, மஞ்சள் காமாலை இருந்ததா, தாய்ப்பால் மட்டும் குடிக்கிறதா அல்லது இட்லி, கஞ்சியும் சாப்பிடுகிறதா என்பவற்றையும், நீங்கள் ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரைகளின் பெயரையும், உங்களுக்கு ஒவ்வாத மருந்தையும் சேர்த்து எழுதுங்கள். நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் பிரசவ லேகியமும்கூட அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டியவையே.

வயதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிறந்து இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் முழு வலுவடையாததால், பால் வழியாக வந்த சிறிதளவு மருந்தும் வெளியேறாமல் சேரக்கூடும். எட்டு மாதக் குழந்தைக்கு அந்தக் கவலை மிகக் குறைவு. தாய் எடுத்துக்கொள்ளும் அளவில், உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டால், 10 விழுக்காட்டுக்கும் குறைவாகக் குழந்தைக்குப் போகும் மருந்தைப் பொதுவாகப் பாதுகாப்பானது என்று கருதுகிறார்கள். நாம் சாதாரணமாக வாங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள்தான் வருகின்றன.

உள்ளே போனதும், "காய்ச்சல்" என்று தொடங்காமல், "எனக்குப் பால் குடிக்கும் குழந்தை இருக்கிறது, வயது இத்தனை நாள்" என்று தொடங்குங்கள். பால் ஊட்டக் கூடாது என்று சொன்னால், எந்த மருந்துக்காக, எத்தனை மணி நேரம், அதற்குப் பதிலாக ஊட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய வேறு மருந்து உண்டா என்று மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலும் மாற்று மருந்து இருக்கும். இரவில் யாரும் கிடைக்கவில்லையானால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

மூன்றாம் படி: மாத்திரை அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மருத்துவர் எழுதிய சீட்டில் இல்லாத மாத்திரையைக் கடையில் தானாகக் கொடுத்தால் இந்தப் பழக்கம் இன்னும் முக்கியமாகிறது.

காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் பாரசிட்டமால் தாய்ப்பால் ஊட்டுபவர்களுக்கு உகந்த மருந்து. இபுப்ரோபெனும் பாலில் மிகக் குறைவாகவே இறங்குகிறது. ஆனால் வடசென்னையில் மழைக்காலத்துக் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்குமோ என்ற எண்ணம் முதலில் வர வேண்டும். டெங்குவில் இபுப்ரோபெனும் ஆஸ்பிரினும் தாய்க்கே இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பாரசிட்டமால் மட்டுமே எடுங்கள். பாரசிட்டமாலும் இபுப்ரோபெனும் கலந்த மாத்திரைகள் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அட்டையைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஆஸ்பிரின் குழந்தைக்கும் ஏற்றதன்று. நிமெசுலைடு மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க 2011இலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.

சளி மாத்திரைதான் அதிகம் ஏமாற்றுவது. ஒரே மாத்திரையில் பாரசிட்டமாலும், தூக்கம் வரவழைக்கும் குளோர்பெனிரமினும், மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். அதோடு தனியாகவும் பாரசிட்டமால் எடுத்தால் அளவு இரட்டிப்பாகும். குளோர்பெனிரமின் குழந்தையையும் மந்தமாக்கலாம். மூக்கடைப்பு மருந்தான சூடோஎபெட்ரின் பால் சுரப்பையே குறைக்கும். அரிப்புக்கும் தும்மலுக்கும் செட்ரிசின், லோராடடின் போன்றவை மேலானவை. இருமல் மருந்தில் கோடீன் என்ற பெயர் இருந்தாலோ, வலி மாத்திரையில் டிரமடால் இருந்தாலோ, அதை வாங்காமல் திரும்புங்கள். சில தாய்மாரின் உடல் கோடீனை மிக வேகமாக மார்பீனாக மாற்றிவிடும். அது பால் வழியே போய்க் குழந்தையின் மூச்சைத் தளரச் செய்யலாம். இவ்விரண்டையும் தாய்ப்பால் ஊட்டுவோர் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது.

நோய்க்கிருமிகளுக்கான மருந்துகளில் அமாக்சிசிலின், செபலெக்சின், அசித்ரோமைசின் ஆகியவை பொதுவாகப் பொருந்துபவை. குழந்தைக்கு மலம் இளகலாம், வாயில் வெள்ளை படியலாம். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது பால் சற்றுக் கசக்கக்கூடும் என்பதால் குழந்தை முகம் சுளித்தால் பயப்படாதீர்கள். கோட்ரைமாக்சசோல் மட்டும், ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கோ காமாலை உள்ள குழந்தைக்கோ ஆகாது.

நீடித்த நோய்களுக்கான மாத்திரைகளைப் பயத்தில் தானாக நிறுத்துவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அது என்னை மிகவும் வருத்தும் விஷயம். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின், இன்சுலின், மெட்பார்மின், இரத்த அழுத்தத்துக்கான நிபெடிபின், லாபெடலால் ஆகியவற்றோடு தாய்ப்பால் ஊட்டலாம். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போதே வலிப்பு வரக்கூடும். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான செர்ட்ராலினும் பாலில் மிகக் குறைவாகவே இறங்குகிறது. தெருநாய் கடித்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதே இல்லை. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கருத்தடை மாத்திரை பாலைக் குறைக்கும் என்பதால், முதல் ஆறு மாதத்துக்கு வேறு முறையைக் கேட்டுப் பெறுங்கள்.

நான்காம் படி: மாத்திரை எடுக்கும் நேரத்தை அமையுங்கள்

குழந்தை குடித்து முடித்தவுடன் மாத்திரையை விழுங்குங்கள். மருந்து இரத்தத்தில் உச்சத்தில் இருக்கும்போது பாலிலும் கூடுதலாக இருக்கும். அடுத்த வேளைக்குள் இரத்தத்தில் குறையக் குறைய, பாலில் உள்ளதும் இரத்தத்துக்கே திரும்பிவிடும். அதனால் மார்பில் இருக்கும் பாலைப் பீய்ச்சிக் கொட்டினால்தான் மருந்து போகும் என்பது சரியன்று. ஒரு நாளைக்கு ஒரே வேளை எடுக்கும் மாத்திரையைக் குழந்தை நீண்ட நேரம் தூங்கப்போகும் முன் எடுக்கலாம். மருத்துவர் சொன்ன இடைவெளியை இதற்காகக் கலைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: குழந்தையைக் கவனியுங்கள்

நீங்கள் மருந்து எடுக்கும் நாள்களில் குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறதா, பாலுக்கு எழாமல் கிடக்கிறதா, உறிஞ்சும் வேகம் குறைந்ததா, உடம்பில் தடிப்பு வந்ததா என்று பாருங்கள். பிறந்து ஒரு வாரமான குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுமான அளவு போகிறது என்று கொள்ளலாம். எழுப்பினாலும் எழாத குழந்தை, மூச்சுத் திணறும் குழந்தை, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்த குழந்தை ஆகியோரை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.

ஆறாம் படி: நோயின் பெயர் கனமானதாக இருந்தால்

காசநோய் என்று தெரிந்தவுடன் தாயையும் குழந்தையையும் பிரித்துவிடும் வீடுகளைப் பார்க்கிறோம். சிகிச்சை தொடங்கிய தாய் முகக்கவசம் அணிந்து பால் ஊட்டலாம். காசநோய் பரவுவது இருமலால், பாலால் அன்று. குழந்தைக்கு நோய் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்தபின், மருத்துவர் அதற்குத் தடுப்பு மருந்து தருவார். உங்கள் பாலில் இறங்கும் சிறிதளவு மருந்து குழந்தையைக் காக்கப் போதாது என்பதால் அந்தத் தடுப்பு மருந்தைத் தவறவிடக் கூடாது. ரிபாம்பிசின் எடுக்கும்போது சிறுநீரும் வியர்வையும் பாலும்கூட லேசாக ஆரஞ்சு நிறமடையலாம். இது முன்கூட்டியே தெரியாவிட்டால் இரத்தம் என்று அலறத் தோன்றும். அரசின் காசநோய் மருந்துகள் இலவசம். நம் பகுதியில் ஓட்டேரியில் இதற்கெனவே அரசு மருத்துவமனை இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் காசநோய் என்றால் மட்டும் ஆலோசனை வேறுபடும்.

அம்மை போட்டிருந்தால், குறிப்பாகப் பிரசவத்தை ஒட்டிய நாள்களில் வந்திருந்தால், வீட்டிலேயே வேப்பிலையோடு வைத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு உடனே தர வேண்டிய ஊசி உண்டு. கொப்புளம் இல்லாத மார்பின் பாலைப் பீய்ச்சிக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் பி இருந்தால், குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பூசியும் எதிர்ப்பு ஊசியும் போட்டபின் ஊட்டலாம். எச்.ஐ.வி. உள்ள தாய், அதற்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் சொல்படி மட்டுமே நடக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பாலும் வேறு பாலும் கலந்து கொடுப்பது அங்கே அபாயத்தைக் கூட்டும்.

ஏழாம் படி: நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தால்

புற்றுநோய்க்கான கீமோதெரபியும், தைராய்டுக்குத் தரும் கதிரியக்க அயோடினும் உண்மையாகவே ஊட்டுவதை நிறுத்தவைப்பவை. கதிரியக்க அயோடின் எடுத்தபின் அந்தக் குழந்தைக்கு மீண்டும் ஊட்ட முடியாது. மனநோய்க்குத் தரும் லித்தியம், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அமியோடரோன் போன்றவற்றைச் சிறப்பு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் நிறுத்த வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்தாலும், நன்றாக விழித்துக் குழந்தையைப் பிடிக்க முடிந்தவுடன் ஊட்டலாம்.

சில நாள் மட்டும் நிறுத்தச் சொன்னால், அந்த நாள்களில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் ஒரு முறை, பாலைப் பீய்ச்சி எடுத்துவிடுங்கள். இது பால் சுரப்பு வற்றாமல் காப்பதற்காக. அறுவைச் சிகிச்சை போல முன்கூட்டியே தெரிந்த நிறுத்தம் என்றால், அதற்கு முன்பே பீய்ச்சி மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் சேமிக்கலாம். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் பால், நம் ஊர் வெயிலில் அவ்வளவு தாங்காது. எடுத்தவுடன் ஃபிரிட்ஜின் உட்புறத்தில் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர் உள்ள கிண்ணத்தில் வைத்துச் சூடு காட்டுங்கள்.

கொடுப்பதற்குப் புட்டியைத் தேடாதீர்கள். குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கான நம் வீட்டுப் பாலாடையே போதும். கொதிக்கவைத்த பாலாடையால், குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கீழுதட்டில் முனையை வைத்து, அது விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாயுங்கள். நிறுத்தம் முடிந்ததும் முதல் முறையாக மார்பில் வைக்கும்போது, குழந்தை பசியில் அலறும் நேரத்தைத் தேர்ந்தெடுக்காமல், அரைத் தூக்கத்தில் இருக்கும்போது, தோலோடு தோல் படும்படி அணைத்து, ஒரு சொட்டுப் பாலை அதன் உதட்டில் பீய்ச்சிவிட்டு வையுங்கள். முதல் நாள் மறுத்தால் மறுநாளும் அப்படியே செய்யுங்கள். என் மகள் பதினான்காம் நாள் விடியற்காலையில் வாய் வைத்தாள்.